படத்திறப்பில் பேச வேண்டியது

உன் தம்பி இன்று காலை கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினான். ஞாயிற்றுக்கிழமை கீழ்வேளூர் கடைத்தெருவில் கட்டப்போகிற பேனர். நடுவில் நீ, உனக்குக் கொஞ்சமும் பிடிக்காத அந்த ஸ்டூடியோ போட்டோவில், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு. தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ‘அயல்நாட்டு விஞ்ஞானி’. பேனர் அடிக்கிறவன் தன் பங்குக்கு ஓரத்தில் ஒரு ராக்கெட்டையும் வைத்திருக்கிறான். அடியில், திருவுருவப் படத்தைத் திறந்து வைத்து உரையாற்றுபவர் என்று என் பெயர்.

படம் வந்த கையோடு அவனே பேசினான். “அக்கா, சும்மா நாலு வார்த்தை பேசிட்டு உக்காந்துடாதீங்க. எங்கக்கா என்ன கண்டுபிடிச்சுச்சுன்னு வெவரமா சொல்லணும். இங்க ஒருத்தருக்கும் தெரியாது. அப்பா முன்வரிசையில உக்காந்திருப்பாரு” என்றான். சரி தம்பி, சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். நீயே சொல்லு பாவி, உன் அப்பா எதிரில் நின்றுகொண்டு நான் என்னத்தைச் சொல்வது?

நீ போய்விட்டாய் என்று செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வருகிறது. உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீடியோவில் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, “கொஞ்சம் அலைச்சல், அதான் மெலிஞ்சுட்டேன்” என்றாய். நானும் மடச்சி மாதிரி நம்பினேன். அமெரிக்காவில் எந்த ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தாய் என்பதே எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. உன்னை இங்கே கொண்டுவரவில்லை, அங்கேயே காரியம் முடித்துவிட்டார்கள். நமக்கு மிஞ்சியது இந்தப் படத்திறப்பு ஒன்றுதான், அதற்கும் பேச்சாளர் நான்.

சரி. நாம் என்ன செய்தோம் என்று ஒரு தடவை உனக்கே சொல்லிப் பார்க்கிறேன். அப்படியாவது மேடையில் வாய் வருகிறதா பார்ப்போம்.

தஞ்சாவூரில் நம் கல்லூரி இயற்பியல் துறையின் பின்பக்க அறை. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்ட். கூடப் படித்தவர்கள் எல்லாரும் மெட்ராஸுக்கு ரயிலேறிக் கம்ப்யூட்டர் படிக்கப் போய்விட்ட காலத்தில், நீயும் நானும் கையெல்லாம் எண்ணெயோடு அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் ஒவ்வொன்றாக நாட்டுக்குள் வரத் தொடங்கியிருந்தன. நம் திரவத்தை அவர்கள் ஷாக் அப்சார்பரில் ஊற்றப்போகிறார்கள் என்று நம் ஆராய்ச்சிக் கைடு சொன்னார். அதை நாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

எண்ணெயில் நாம் செய்த பாலிமர் பொடியைக் கலக்கினால் மோர்க்குழம்பு பதத்தில் கரும்பச்சையாக ஒரு திரவம் கிடைக்கும். இரண்டு பித்தளைத் தகடுகளை நெருக்கமாக வைத்து, அந்த இடுக்கில் அதை ஓடவிடுவோம். தகடுகளுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால் நடுவில் மின்புலம் உண்டாகும். உடனே ஓட்டம் தளரும், திரவம் இறுகும், அப்படியே நின்றுவிடும். ஸ்விட்சை அணைத்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடும். முதல் தடவை அது நின்றபோது நீ இடுக்குக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே, “பொடியெல்லாம் இந்தத் தகட்டுக்கும் அந்தத் தகட்டுக்கும் நடுவுல வரிசை கட்டி நிக்குதுடி எஸ்தர். எங்கம்மாவும் மத்தவங்களும் நடவுக்கு நிக்கிற மாதிரி” என்றாய். உன் வீட்டில் உனக்கு முன்னால் எல்லாரும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள், இல்லாவிட்டால் மில்லில் மூட்டை தூக்கியவர்கள். கல்லூரிப் படி ஏறியவள் நீதான் முதல்.

இந்த வித்தை நாம் கண்டுபிடித்ததில்லை. மற்றவர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய பழைய திரவங்களில் பொடிக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் வேலை நடக்கும். ஈரத்தை நம்பினால் காருக்கு ஆகாது, சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிடும், மின்சாரமும் கசியும். அதனால் ஈரமே வேண்டாத ஒரு பொடியை உலகம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள். நம் பாலிமர் பொடி அதுதான் என்று நாம் கண்டோம். ஓவனில் நன்றாகக் காயவைத்து எடுத்த பொடி, திரவத்தை நிறுத்திக் காட்டியது. அந்த மழைக்காலம் முழுக்க, ஓட்டிய ஒவ்வொரு தடவையும் நின்றது.

ஐப்பசி அடைமழையில் தஞ்சாவூரில் தீப்பெட்டிகூட நமுத்துப்போகும். ஓவனிலிருந்து எடுத்த பொடி ஈரம் கோத்துவிடுமோ என்று உனக்கு ஒரே கவலை. ஈரத்தை உறிஞ்சுகிற கண்ணாடி ஜாடி துறையில் ஒன்றுதான் இருந்தது, அதன் மூடியிலும் விரிசல். “இதுக்குப் போயி ஏண்டி இவ்ளோ யோசனை? வீட்ல உப்பு ஜாடிக்கு என்ன பண்றோம்?” என்று கேட்டாய். மறுநாள் மல்துணியில் ஒரு பிடி பச்சரிசியை முடிந்துகொண்டு வந்து பொடி பாட்டிலுக்குள் போட்டாய். உப்பு நமுக்காமல் இருக்க ஊரில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதானே, எனக்கும் சரியென்றே பட்டது. கைடு பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “எங்க வீட்லயும் இதேதாம்மா” என்று சிரித்தார். அதன் பிறகு பொடி எத்தனை தடவை மாறினாலும் அரிசி முடிச்சு உள்ளே இருக்கும்.

நம் கட்டுரை அச்சில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர் எழுதினார். ஈரமில்லாத திரவம் அவருக்கு வேண்டும், செய்தவர்களில் ஒருவருக்குத் தன் ஆய்வகத்தில் இடமும் உண்டு. என் வீட்டில் அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், நீ போனாய். மீனம்பாக்கத்தில் உன் அப்பா கண்ணாடிக்கு வெளியே கையைத் தூக்கியபடி நின்றார். நீ உள்ளே போய் மறைந்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை, நான்தான் பிடித்து இறக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் நேரே மேல வீதி டெலிபோன் பூத்துக்குப் போய்விடுவேன். நீ அங்கிருந்து கூப்பிடுவாய். பூத்துக்காரர் என்னைக் கண்டாலே, “ஏம்மா, ஜெர்மனி இன்னும் வரல, உக்காருங்க” என்பார். முதல் சில வாரம் பனியைப் பற்றியும் சோறு கிடைக்காததைப் பற்றியும் பேசினாய். பிறகு ஒரு ஞாயிறு, எடுத்ததுமே, “எஸ்தர், நிக்கமாட்டேங்குதுடி” என்றாய்.

“எது?”

“நம்ம திரவம். எவ்வளவு வோல்டேஜ் குடுத்தாலும் தண்ணியாட்டம் ஓடுது. பொடிய நானே செஞ்சேன், நம்ம முறைப்படி. இங்க வேக்குவம் ஓவன் இருக்கு, நம்ம ஓவனைவிட நல்லாவே காயுது. காத்துகூடப் படாம மூடி வைக்கறேன். ஆனா நிக்கமாட்டேங்குது.”

“அரிசி போட்டியா?” என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. அங்கே அத்தனை நல்ல ஜாடிகள் இருக்கும்போது அரிசி எதற்கு?

அடுத்த ஞாயிறு உன் குரலே மாறியிருந்தது. “அவரு ரொம்ப மரியாதையா, இந்தியாவுல இதை அளந்தது யாருன்னு கேட்டாருடி. நான்தான்னேன். சும்மா தலைய ஆட்டிக்கிட்டாரு. நான் இல்லாத அளவ எழுதிட்டு வந்திருக்கேன்னு நெனைக்கிறாங்க. ஈஸ்டருக்குள்ள நிறுத்திக் காட்டணுமாம். இல்லன்னா அனுப்பிச்சிருவாங்க. எனக்குப் போறது பெருசில்லடி, பொய்காரின்னு பேரு வாங்கிட்டுப் போகணுமே.” பிறகு, “அப்பாகிட்ட மூச்சு விட்டுடாதே” என்றாய்.

நான் இங்கே மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். பொடி செய்தேன், காயவைத்தேன், கலக்கினேன், ஓட்டினேன். நின்றது. எத்தனை தடவை ஓட்டினாலும் நின்றது. அதுதான் பெரிய கொடுமை. இங்கே நிற்கிறது, அங்கே ஓடுகிறது என்றால் உன் கை சரியில்லை, இல்லாவிட்டால் உன் வாய் சரியில்லை என்று யாரும் சொல்லலாமே. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்கள் அவை. சிலுவைப்பாடுகளை நினைத்து எல்லாரும் முழங்காலில் நின்று அழும்போது நான் ஒரு பொடியை நினைத்து அழுதேன். ஆண்டவரே, அந்தச் சனியன் அங்கேயும் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் தேவாலயத்தில் அப்படி ஒரு ஜெபம் அதற்கு முன் ஏறியிருக்காது.

வெயில் ஏறிய ஒரு நாள் பாட்டிலைத் திறந்தால் அரிசி முடிச்சுக்குள் வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. அருவருத்துப்போய் அதை அப்படியே ஜன்னல் வழியாக எறிந்தேன். பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, ஓவனிலிருந்து எடுத்த புதுப் பொடியைப் போட்டு, அரிசி இல்லாமலே இறுக்கி மூடினேன். மறுநாள் அதைக் கலக்கி ஓட்டினால் திரவம் நிற்கவில்லை. வயரைப் பார்த்தேன், மீட்டரைப் பார்த்தேன், தகட்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மின்சாரம் வந்தது, திரவம் அதுபாட்டுக்கு ஓடியது. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். முந்தின நாளுக்கும் அன்றைக்கும் மாறியது ஒன்றே ஒன்றுதான், அரிசி.

உனக்கு இதை விளக்கத் தேவையில்லை, மேடைக்காகச் சொல்லிப் பார்க்கிறேன். பச்சரிசி எப்போதும் தனக்குள் கொஞ்சம் ஈரம் வைத்திருக்கும், மழைநாளில் இன்னும் கூடுதலாக. நமுத்த உப்போடு வைத்தால் உப்பிலிருந்து இழுக்கும். ஓவனில் சருகாகக் காய்ந்த பொடியோடு சேர்த்து மூடினால் பொடி அதனிடமிருந்து இழுத்துக்கொள்ளும். ஈரத்தை எடுக்க நாம் போட்ட அரிசி, ஈரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. உலர்ந்த பொடி என்று நாம் உலகத்துக்கு எழுதிய பொடி ஒருநாளும் உலர்ந்ததாக இருந்ததில்லை. சந்தேகம் தீர, புது முடிச்சு ஒன்று போட்டுச் சில நாள் விட்டுப் பார்த்தேன். திரவம் நின்றது.

அந்த ஞாயிறு ஆராதனைக்குக்கூட நான் போகவில்லை. பூத்து திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். நீ கூப்பிட்டதும், “பொடியில துளி தண்ணி விட்டுப் பாருடி, வேற ஒண்ணும் கேக்காதே” என்றேன். அடுத்த நாளே, ஞாயிறு வரை பொறுக்காமல், பூத்துக்குக் கூப்பிட்டு ஆளனுப்பி என்னை வரச்சொன்னாய்.

“நின்னுடுச்சு” என்றாய்.

நான் பூத்துக்குள்ளேயே சிரித்துக்கொண்டு அழுதேன், அரிசி முடிச்சின் கதையையும் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. “எஸ்தர், ஒனக்குப் புரியுதா? நின்னதால நான் பொய்காரி இல்ல. ஆனா தண்ணியால நின்னா இதுல புதுசு ஒண்ணுமே இல்ல. இது ஊர் உலகத்துக்கே தெரிஞ்ச பழசு” என்றாய். எனக்குக் கையிலிருந்த ரிசீவர் கனத்தது. நான் உன் பேரைக் காப்பாற்ற மட்டும் ஓடினேன், அதற்கு அந்தப் பக்கம் யோசிக்கவே இல்லை. நீ தணிந்த குரலில், “துளிதாண்டி. யாருக்கும் சொல்லாம கலந்துட்டு, பாருங்க நிக்குதுன்னு காட்டுனா முடிஞ்சுது. ஈஸ்டரும் தாண்டிடும், வேலையும் நெலைச்சிடும்” என்றாய். பிறகு நீயே, “சீ” என்றாய். “நாளைக்குப் போயி சொல்லிடறேன், அரிசி மொதக்கொண்டு.”

சொன்னாய். அவர் உன் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள் நேர்மையானவர் என்றாராம். அதே மூச்சில், கோடைக்குப் பிறகு உங்களுக்கு இங்கே இடமில்லை என்றும் சொன்னாராம். இங்கே கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். கைடு அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, நான் பள்ளிக்கூட வேலைக்குப் போனேன். நீ எப்படியோ கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, கூட்டம் கூட்டமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்த அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தாய். கீழ்வேளூரில் மட்டும் நீ விஞ்ஞானியாகவே இருந்தாய்.

வந்துவிடு, தஞ்சாவூரில் வேலைக்கு என்ன பஞ்சம், என் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று உன்னிடம் எத்தனை தடவை கெஞ்சினேன். “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர?” என்று கேட்டு முடித்துக்கொள்வாய். உன் வறட்டு கௌரவத்தை நான் திட்டாத திட்டு இல்லை. இப்போது அந்த கௌரவத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். அப்பாகிட்ட மூச்சு விடாதே என்றாய், இத்தனை வருஷமாக விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைக்கைக் கையில் கொடுத்துவிட்டு என்ன கண்டுபிடித்தாள் என்று அவர் கேட்கப்போகிறார். அயல்நாட்டில் பெரிய திரவம் ஒன்று கண்டுபிடித்தாள் என்று சொல்லவா? சொன்னால், நீ வேலையை இழந்து காப்பாற்றிய நேர்மையை நானே கெடுத்தவள் ஆவேன். இல்லை என்று சொன்னால் எண்பதை நெருங்கும் மனிதர் ஊர் நடுவில் தலை குனிவார். எனக்கு வழியே தெரியவில்லை. இருந்தால் உன்னிடம்தான் கேட்பேன்.

இன்று திங்கட்கிழமை. போய்விட்டு வந்துவிட்டேன்.

பந்தல் நிறைய ஆள். படத்தின் துணியை விலக்கும்போது அது ஆணியில் மாட்டிக்கொண்டது. எழுதிக்கொண்டு போனதை நான் படிக்கவில்லை. அரிசி முடிச்சைப் பற்றிச் சொன்னேன், சிலர் சிரித்தார்கள். அவளும் நானும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தோம், அது தப்பு என்றேன். தப்பென்று தெரிந்ததும் யாரும் கேட்காமல் அவளே போய்ச் சொன்னாள், சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தே சொன்னாள் என்றேன். என்னால் அப்படிச் செய்திருக்க முடியாது என்றும் சொன்னேன். உன் தம்பி முகம் சுருங்கிப்போனது. கைதட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கொஞ்சம் பேர் தட்டினார்கள். உன் அப்பா முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

சாப்பாடு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அவர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

“எனக்குத் தெரியும் டீச்சர்” என்றார்.

“என்னதுப்பா?”

“பாப்பாவுக்கு வேல போனது. தண்ணி வெவகாரம், அரிசி வெவகாரம் எல்லாம். அப்பவே ரைஸ் மில்லுக்குப் போன் போட்டு எங்கிட்ட சொல்லிடுச்சு. உங்களுக்கும் தெரியும்னு சொல்லல. சொன்னா என்னால உங்க முன்னால நிக்க முடியாதுன்னு நெனைச்சுதோ என்னமோ.”

அவர் துண்டை மடியில் வைத்து மடித்துக்கொண்டே பேசினார். “சொல்லிட்டு, ‘அப்பா, நான் வந்துடவா?’ன்னு கேட்டுச்சு. நான் வராதன்னுட்டேன். அந்த மில்லு வாசல்ல நான் நின்ன காலு டீச்சர். மூட்ட தூக்கற காலத்துலேருந்து உள்ள உக்காருன்னு ஒருத்தன் சொன்னதில்ல. பாப்பா ஜெர்மனி போனப்புறந்தான், வாங்க உக்காருங்கன்னு நாற்காலி போட்டான். அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டுதான் அன்னைக்கி போன் பேசறேன். அது திரும்பி வந்துட்டா மறுபடி வாசலுக்குப் போகணுமேன்னு பயந்துட்டேன். அங்கயே எதுனா பாத்துக்கம்மா, வராதன்னுட்டேன். சரிப்பான்னு வச்சுடுச்சு. அப்புறம் அது அந்தப் பேச்சையே எடுக்கல.”

பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: “வான்னு சொல்லியிருந்தா வந்திருக்குமா டீச்சர்?”

ஜெர்மனியிலிருந்து நீ பேசிய கடைசிப் பேச்சுகளில் ஒன்று எனக்கு அப்போதுதான் முழுசாக ஞாபகம் வந்தது. “பெட்டி கட்டியாச்சுடி. அப்பா ஒரு வார்த்தை சொன்னா போதும், ஏறிடுவேன். வந்து ஒன் தலையிலதான் உக்காருவேன் பாரு” என்று அத்தனை நாளுக்குப் பிறகு சிரித்தாய், நானும் அதை வேடிக்கைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு, “பெட்டியப் பிரிச்சுட்டேன்” என்று மட்டும் சொன்னாய். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றினாய். அதைத்தான் நான் கௌரவம் என்று நினைத்து இத்தனை காலம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

“வந்திருக்க மாட்டாப்பா” என்றேன். “அவளுக்கு அங்க இருக்கத்தான் ஆசை. எங்கிட்டயே சொன்னா.”

“அப்படியா சொன்னுச்சு?”

“ஆமாப்பா.”

அவர் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், “அப்படியா சொன்னுச்சு?” என்று கேட்டார். நானும் மறுபடி ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து போய்க் கையலம்பிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார், அதுவரை அவர் சாப்பிடவில்லை.

ஜெர்மனியில் ஒரு பொய் சொல்லியிருந்தால் உன் வேலை நிலைத்திருக்கும், நீ சொல்லவில்லை. நான் நேற்று உன் பேரில் ஒன்று சொல்லிவிட்டேன். அவர் நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன், நீ என்னை எவ்வளவு திட்டினாலும் சரி. நீ பெட்டி கட்டி வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தாய் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம். அது என்னோடு இருக்கட்டும்.